கால் நொடிக் கடல்

அந்த மருத்துவமனையில் அவனுக்கு வழங்கிய பெயர் ரீஸ்டார்ட். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. எந்த வார்டிலிருந்து யார் கூப்பிட்டு என்ன குறை சொன்னாலும், "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்களேன்" என்பான். பத்துக்கு எட்டு முறை சரியாகிவிடும். மீதி இரண்டுக்கு அவனே நேரில் போய் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவான். பதினோரு வருட அனுபவத்தின் சாரம் இவ்வளவுதான் என்று கூச்சமே இல்லாமல் சொல்லிக்கொள்வான்.

கணினிப் பிரிவு தரைக்குக் கீழே, போர்வை வெளுக்கும் கூடத்துக்கு அடுத்த அறை. சுவருக்கு அந்தப் பக்கம் துணியைச் சுழற்றும் இயந்திரங்கள், இந்தப் பக்கம் அவனுடைய இயந்திரங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உறுமும். எந்நேரமும் சூடான துணி வாசம் வீசும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு பச்சை வாளி வைத்திருந்தான். வருடாந்திரப் பட்டியலில் அதை 'குளிரூட்டும் துணைக்கருவி' என்று எழுதுவான். இதுவரை யாரும் கேள்வி கேட்டதில்லை.

அன்று காலை பத்து மணிக்கு அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. திரையில் ஓர் எண் நின்றது: நொடிக்கு 256 கிலோபைட்.

போய்க்கொண்டிருந்தது அவன் தங்கையின் வயிற்றுக்குள் எடுத்த படம். ஆறரை மாதம். உள்ளிருக்கும் குழந்தையின் இதயத்தில் ஒரு வால்வு சரியாகத் திறக்கவில்லை. பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இதயத்தின் அந்தப் பக்கம் வளராமலே போய்விடும். இப்போதே, வயிற்றுக்குள்ளேயே, மெல்லிய ஊசி வழியாக வால்வைத் திறந்துவிட முடிந்தால் பிழைத்துக்கொள்ளும். முடியுமா முடியாதா என்று படத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியவர் கடல் தாண்டி வேறொரு கண்டத்தில் இருந்தார். அவருடைய குழு பத்து நாளைக்கு ஒரு முறைதான் கூடும். இன்று, இங்கே மதியம் மூன்று மணி ஆகும்போது, அங்கே மாலையில் கூடுகிறது. அடுத்த கூட்டம் வரை வால்வு காத்திருக்குமா என்று இங்குள்ள டாக்டரிடம் கேட்டதற்கு, அவர் பேனா மூடியைத் திருகித் திருகி மூடினார்.

சாதாரண ஸ்கேன் படம் என்றால் நொடியில் போய்விடும். இது பல கோணங்களில் ஓடும் இதயம், எதையும் சுருக்காமல் எடுத்தது. எல்லாம் சேர்ந்து ஒரே பொட்டலம், ஆறு கிகாபைட். வழியில் யாரும் பிரித்துப் பார்க்க முடியாதபடி பூட்டிப் பூட்டி அனுப்பும் மென்பொருள் ஒன்று, இரு மருத்துவமனைகளுக்கும் நடுவே மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. நிறுவியவன் இவன்தான். அந்தப் பக்கம் அதைக் கவனிக்கும் பெண்ணை அவன் 'எதிர்முனை' என்று குறித்து வைத்திருந்தான். முதல்முறை போனில் பேசியபோது ஏதோ தடங்கல் வர, இவன் தன்னை மறந்து "அடச்சே" என்றான். சற்றுப் பொறுத்து அங்கிருந்து "நீங்க தமிழா?" என்று குரல் வந்தது. அன்றிலிருந்து பழக்கம். நல்ல பெண்தான், ஆனால் கொஞ்சம் மந்தம் என்பது அவன் முடிவு. எதைக் கேட்டாலும் ஒரு கணம் யோசித்துத்தான் பதில் சொல்வாள்.

அவள் சொல்லியிருந்தாள்: "ரெண்டரைக்குள்ள வந்துடணும் சார். அப்பத்தான் நான் சரிபார்த்து, கூட்ட ரூம் திரையில ஏத்தி வைக்க முடியும்."

காலை எட்டு ஐந்துக்கு அனுப்பத் தொடங்கினான். மென்பொருள் கணக்குப் போட்டு, முடியும் நேரம் மதியம் 2:35 என்றது.

ஐந்து நிமிடம். வெறும் ஐந்து நிமிடம்தான் இடித்தது. அந்த ஐந்தை எங்கேயாவது சுரண்டி எடுத்துவிடலாம் என்று ரீஸ்டார்ட் சட்டைக் கையை மடித்துவிட்டான்.

முதல் சந்தேகம் பூட்டின் மேல். பூட்டுவதும் வேலைதானே, பழைய கணினிக்கு மூச்சு வாங்குகிறதோ? பார்த்தான். கணினி நூற்றில் நான்கு பங்குகூட உழைக்கவில்லை. காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இரண்டாவது, கேபிள். பின்பக்கம் தவழ்ந்து போய் பழைய கேபிளை உருவிப் புதியதைச் செருகினான். பன்னிரண்டு நொடி எண் பூஜ்யமாக நின்றது, அவன் இதயமும் கூடவே நின்றது. பிறகு எண் ஏறியது. 256.

மூன்றாவது, லைன் கொடுத்த கம்பெனி. போன வருடம்தான் இயக்குநரோடு மல்லுக்கட்டி, இருந்ததைவிடப் பத்து மடங்கு பெரிய லைன் வாங்கியிருந்தான். அதைச் சோதித்து 'வேகம் மிக நன்று' என்று கையெழுத்துப் போட்டவனும் அவனே. சோதித்த விதத்தை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை: தன் மேசையிலிருந்து எதிர் மேசைக்கு ஒரு கோப்பை அனுப்பிப் பார்த்தான். நடுவில் மூன்றடி, ஒரு பச்சை வாளி.

"சார், உங்க லைன்ல ஒரு குறையும் இல்ல" என்றார் கம்பெனிக்காரர். "நூத்துல ரெண்டு பங்குதான் ஓடுது. எட்டு வண்டி போற ரோட்டைப் போட்டு வச்சுட்டு ஒத்த சைக்கிளை ஓட்டிட்டு இருக்கீங்க."

"அப்புறம் ஏன் மெதுவா போகுது?"

"அத சைக்கிளத்தான் கேக்கணும்."

அப்போது மேல்மாடியிலிருந்து தங்கை கூப்பிட்டாள். கடல் தாண்டியிருக்கும் அந்த டாக்டர் இன்னும் ஒரு கோணம் கேட்டிருக்கிறாராம், ஸ்கேனுக்கு மறுபடி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

"அண்ணா, எவ்வளவு போச்சு?"

"போகுது, போகுது."

"நீ ரெண்டு தடவை சொன்னா ஏதோ சரியில்லைன்னு அர்த்தம்."

"ஏய், நான் பூட்டில்லாம அனுப்பியிருந்தா எப்பவோ போயிருக்கும்" என்று சும்மா ஒரு பொய்யை அடித்துவிட்டான்.

"ஆமா, என் வயித்த ஊரே பார்க்கட்டும். போதும்ணா, நீ பூட்டியே அனுப்பு. ஆனா எதையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடாத."

வைத்துவிட்டாள். அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே மூலையில் கண் சிமிட்டிக்கொண்டிருந்த சின்னப் பெட்டியைப் பார்த்தான். உள்ளே இருக்கும் கணினிகளை வெளியுலகத்தோடு இணைக்கும் பெட்டி அது. நானூற்றுப் பன்னிரண்டு நாளாக அதை யாரும் அணைக்கவில்லை என்று காட்டியது. நானூற்றுப் பன்னிரண்டு நாள்! பாவம், எத்தனை களைப்பாக இருக்கும். கேபிளைப் பிடுங்கியதைத் தாங்கிய இணைப்பு, அரை நிமிடம் இதையும் தாங்காதா?

தங்கை சொல்லி ஐந்து நிமிடம் ஆகவில்லை. மணி பத்து ஐம்பது. விசையை அழுத்திவிட்டான்.

பெட்டி அரை நிமிடத்தில் எழுந்திருக்கவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு நாள் கழித்துக் கண் விழிப்பதால், கை கால் எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். சுவருக்கு அந்தப் பக்கம் போர்வைகள் சுழன்றன. ஐந்தாவது நிமிடம் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் ஒரு வரி: இணைப்பு அறுந்தது. மீண்டும் தொடங்குகிறது.

சைபரிலிருந்து.

ஐந்தில் இரண்டு பங்கு இதயம் அந்தக் கரையில் போய்ச் சேர்ந்திருந்தது. அது இப்போது இல்லை. ஏனென்றால் இரு மருத்துவமனைகளுக்கும் ஒரு விதி உண்டு: பாதியில் அறுந்த கோப்பை உடனே அழித்துவிட வேண்டும், அரைகுறைப் படத்தைப் பார்த்து எந்த மருத்துவரும் முடிவெடுத்துவிடக் கூடாது. நல்ல விதி. மூன்று வருடத்துக்கு முன் அதை எழுதியவன், 'உடனே' என்ற சொல்லின் கீழே கோடு போட்டவன், இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான்.

புதிய நேரம் வந்தது. முடிவு: மாலை 5:25. வேகம்: 256.

அவன் எதிர்முனையைக் கூப்பிட்டுச் சொன்னான். வழக்கம்போல ஒரு கணம் மௌனம்.

"அஞ்சு நிமிஷம்தானே சார் லேட்? நான் எப்படியாவது சமாளிச்சிருப்பேனே."

ரீஸ்டார்ட் போனைக் கீழே வைத்துவிட்டு வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் சொட்டியது. தன்னை இப்போது அணைத்துப் போட்டால் தேவலை என்று இருந்தது.

சொல்லியாக வேண்டும். மேலே ஏறினான். இரண்டாவது மாடியில் ஸ்கேன் அறைக்கு வெளியே தங்கையின் கணவர் உட்கார்ந்திருந்தார். நெடுந்தூர லாரி ஓட்டுபவர். நாள்கணக்கில் தனியாக ஓட்டியே பேச்சு குறைந்துபோன மனிதர். கல்யாணத்தன்று பேசியதை எல்லாம் கூட்டினாலும் ஒரு காகிதத்தின் அரைப் பக்கம் தேறாது என்று ரீஸ்டார்ட் கிண்டல் செய்வது வழக்கம். இன்று கிண்டல் வரவில்லை.

"மாப்ள, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். இவன் எல்லாவற்றையும் கொட்டினான், பெட்டி, நானூற்றுப் பன்னிரண்டு நாள், ஐந்தேகால் சொச்சம் எல்லாம். அவர் திட்டவில்லை. கையில் வைத்திருந்த மனைவியின் செருப்பை ஒன்றின் மேல் ஒன்றாக நேராக அடுக்கி வைத்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஸ்கேன் அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே ஸ்கேன் அக்காவின் குரல் கேட்டது. இருபது வருடமாக ஒரே தொனியில் ஒரே வார்த்தைகளைச் சொல்லும் குரல்.

"மூச்ச இழும்மா... நிறுத்து... நிறுத்து... ம், விடலாம். மறுபடி இழு... நிறுத்து..."

"எவ்வளவு நேரம்க்கா நிறுத்துறது? எனக்கு முட்டுது" என்றாள் தங்கை.

"நான் படம் வாங்கிட்டேன்னு சொல்றவரைக்கும் விடக் கூடாது. நான் சொன்னப்புறம்தான் அடுத்த மூச்சு."

ரீஸ்டார்ட் கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நிறுத்து. வாங்கிட்டேன். விடலாம். அடுத்த மூச்சு.

காலையிலிருந்து அந்த எண்ணில் ஏதோ ஒன்று அவனை உறுத்திக்கொண்டே இருந்தது. மெதுவாக இருந்ததல்ல, ஆடாமல் இருந்ததுதான் உறுத்தியது. கெட்டுப்போன கேபிள் என்றால் எண் துள்ளும். நெரிசல் என்றால் ஏறி இறங்கும். இது கேபிளை மாற்றினாலும் 256, பெட்டியை அணைத்து எழுப்பினாலும் 256. பழுதுக்கு இத்தனை ஒழுக்கம் கிடையாது.

"மாப்ள, வாங்க என்கூட" என்று கீழே ஓடினான். அவர் செருப்பைக் கையிலேயே எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

இணைப்பில் என்ன நடக்கிறது என்பதை நொடியை ஆயிரமாகப் பிளந்து காட்டும் ஒரு கருவி அவனிடம் உண்டு. வாங்கியதிலிருந்து இரண்டு முறைதான் திறந்திருக்கிறான், ஒருமுறை தவறுதலாக. இப்போது திறந்தான். திரையில் ஒரு கோடு ஓடியது. சின்னதாக ஒரு குன்று, பிறகு நீளமான சமவெளி. மறுபடி குன்று, மறுபடி சமவெளி. குன்றுதான் கோப்பு போகும் நேரம், கண்ணிமைப்பைவிடக் குறைவு. மீதி நேரமெல்லாம் ஒன்றும் போகவில்லை.

"இது ஏன் சும்மா நிக்குது?" என்றார் மாப்பிள்ளை.

"காத்திருக்கு" என்றான் அவன். தன் குரலே புதிதாகக் கேட்டது. "ஒரு கை அள்ளி அனுப்புது. அறுபத்துநாலு கிலோபைட். அந்தப் பக்கம் 'வந்து சேர்ந்துச்சு'ன்னு ரசீது வர்ற வரைக்கும் அடுத்த கை அள்ளாது. பழைய மென்பொருள் மாப்ள, பழக்கம் அப்படி."

ரசீது வர எவ்வளவு நேரம்? எதிர்முனைக் கணினியை 'இருக்கிறாயா?' என்று கேட்கும் ஒற்றை வரிக் கட்டளையைத் தட்டினான். 'இருக்கிறேன்' என்று வந்தது. கால் நொடி. மறுபடி கேட்டான். கால் நொடி.

நொடிக்கு நாலு கை. நாலு அறுபத்துநாலு இருநூற்றைம்பத்தாறு.

மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு. அவன் காலையிலிருந்து கேபிளைப் பிடுங்கியும் பெட்டியை அணைத்தும் தேடிய விடை மூன்றாம் வகுப்பு வாய்ப்பாட்டில் இருந்தது. ஆனால் அவன் அதற்குச் சிரிக்கவில்லை. ஏனென்றால் அடுத்த கேள்வி அதற்குள் வந்துவிட்டது: அந்தக் கால் நொடி எங்கே போகிறது?

கேபிள் என்றால் கடலுக்கடியில் போடப்பட்ட கண்ணாடி இழை. அதற்குள் ஓடுவது ஒளி. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். கால் நொடி என்றால் ஐம்பதாயிரம். வழியில் நிலையங்களில் நின்று மாறும் நேரத்தைத் தாராளமாகக் கழித்தாலும் நாற்பதாயிரம். அவன் கணக்கை ஒரு பழைய கடித உறையின் பின்னால் எழுதிப் பார்த்தான். இன்னொரு முறை எழுதினான்.

"மாப்ள, பூமியோட சுற்றளவு எவ்வளவு தெரியுமா?"

"நான் அவ்வளவு தூரம் லோடு ஏத்தினதில்ல."

"நாப்பதாயிரம் கிலோமீட்டர்."

மாப்பிள்ளை உறையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஒவ்வொரு கைப்பிடியும் அதன் ரசீதும் சேர்ந்து பூமியை ஒரு முறை சுற்றி வருகிற தூரம் ஓடின. ஒரு நொடிக்கு நான்கு முறை. மீனும் இருட்டும் தவிர எதுவுமில்லாத ஆழத்தில், தலைமுடி பருமனுள்ள ஒரு கண்ணாடிக்குள், அவன் தங்கை வயிற்றிலிருந்த இதயம் துண்டு துண்டாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கேயும் பழுதில்லை. கேபிள், பெட்டி, லைன் எல்லாம் சரி. எதிர்முனையும் மந்தமில்லை. அவள் ஒருபோதும் யோசித்துப் பதில் சொன்னதில்லை. கேட்ட அந்த நொடியே சொல்லியிருக்கிறாள். மூன்று வருடமாக அவன் கேட்ட அந்த ஒரு கண மௌனம் அவளுடையதல்ல, அது கடல். அவள் காதுக்கு இவனும் மந்தமாகத்தான் கேட்டிருப்பான்.

காலையிலிருந்து அவன் முறைத்துக்கொண்டிருந்த 256 என்பது இந்த உலகத்தின் அளவு. அதை ஆஃப் பண்ணி ஆன் பண்ணப் பார்த்திருக்கிறான்.

அவன் உட்கார்ந்துவிட்டான். பதினோரு வருடத்தில் முதல் முறையாக இந்த அறை அவனுக்குப் பெரியதாகத் தெரிந்தது. மூலைப் பெட்டியிலிருந்து சுவருக்குள் போகும் அந்த மஞ்சள் கேபிளைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கை நீட்டி, பயந்து இழுத்துக்கொண்டான்.

"மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

"ம்."

"ஒரு சந்தேகம். ஒரு லாரி போய் இறக்கிட்டு, ரசீது வாங்கிட்டுத் திரும்பி வந்தப்புறம்தான் அடுத்த லாரி கிளம்பணும்னு சொல்றீங்க."

"ஆமா."

"ரோடு காலியா கிடக்குது."

"ஆமா. நூத்துல ரெண்டு பங்குதான் ஓடுது."

"அப்ப எதுக்கு ஒத்த லாரி? லோடைப் பிரிச்சுப் பதினாறு லாரியில ஏத்துங்க. ஒவ்வொண்ணும் அதது ரசீதுக்குக் காத்திருக்கட்டும். எல்லாம் ஒண்ணாத்தானே காத்திருக்கும்?" ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில் அவருக்கே வியர்த்துவிட்டது. "எங்க முதலாளி இப்படி ஓட்டினாருன்னா கம்பெனிய மூடிட்டுப் போயிருப்பாரு."

ரீஸ்டார்ட் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். செருப்பும் சேர்ந்து குலுங்கியது.

எதிர்முனை கேட்டதும் தயங்கினாள். இப்போது அது கடல் மட்டுமல்ல, உண்மையாகவே தயக்கம்.

"துண்டு துண்டாவா சார்? அரைகுறைக் கோப்பு வச்சிருக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதினீங்க? அண்டர்லைன் எல்லாம் போட்டு?"

"போட்டேன். கைய ஒடிச்சுக்கணும்னு இருக்கு. ஆனா பாருங்க, ஒவ்வொரு துண்டும் முழுசா வந்து சேர்ந்த கோப்புதான். நீங்க அங்க ஒட்டுங்க. ஒட்டினதுக்கப்புறம் கைரேகை சரிபாருங்க. ஒரு எழுத்து மாறியிருந்தாக்கூட ரேகை பொருந்தாது. பொருந்தலைன்னா நானே அழிக்கச் சொல்றேன்."

கைரேகை என்பது கோப்பின் ஒவ்வொரு எழுத்தையும் வைத்துக் கணக்கிடும் நீண்ட எண். ஆறு கிகாபைட்டில் ஒரே ஒரு புள்ளி பிசகினாலும் முழு எண்ணும் வேறாகிவிடும்.

கால் நொடி.

"சரி" என்றாள். "வெட்டுங்க."

புதிதாக எடுத்த கோணத்தையும் ஸ்கேன் அக்கா கொடுத்தனுப்பினாள். ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, அதையும் சேர்த்துக் கட்டிப் பூட்டி, 'வெட்டு' என்ற கட்டளையை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத் தட்டினான். ஒரு குழந்தையின் இதயத்தைப் பதினாறாக வெட்டுகிறோம் என்ற நினைப்பு. வெட்டியாயிற்று. மணி பன்னிரண்டு ஐம்பது. பதினாறையும் ஒரே சமயத்தில் அனுப்பினான்.

பத்து போயின. ஆறு முகத்தில் அறைந்தது மாதிரி திரும்பி வந்தன.

"மேடம்! ஆறு பேர உங்க ஆளு உள்ளயே விடல!"

"ஒரே நேரத்துல பதினாறு பேரு வாசல்ல வந்து மணியடிச்சா? கதவ ஒடைக்க வந்த திருடங்கன்னு நினைச்சிருக்கும் சார். வரிசையா வரச் சொல்லுங்க. ஒருத்தர் உள்ள போனப்புறம் அடுத்தவர்."

நின்றுபோன ஆறையும் இரண்டு இரண்டு நொடி இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அனுப்பினான். பதினொன்று. பன்னிரண்டு. பதிமூன்று. அந்தப் பக்கத்து வாசலில் நிற்கும் காவல் மென்பொருள் ஒவ்வொருவரையும் அடையாளம் பார்த்து உள்ளே விட்டது. பதினாறும் நுழைந்தன.

திரையில் பதினாறு வரிகள். ஒவ்வொன்றிலும் 256. ஒன்றுகூட வேகம் கூடவில்லை. பதினாறும் அதே கடலை அதே கால் நொடியில் தாண்டி, அதே பொறுமையோடு காத்திருந்தன. ஆனால் கருவித் திரையில் சமவெளி காணவில்லை. ஒரு குன்று தணிவதற்குள் அடுத்தது எழுந்தது. கோடு முழுக்க மலைத்தொடராக நிரம்பிக்கொண்டே வந்தது. ரீஸ்டார்ட் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான். தன் கையை அவன் நம்பவில்லை.

இருபத்தாறாவது நிமிடம் கடைசித் துண்டு கரையேறியது.

ஒட்டுவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு எதிர்முனை போனில் தன் பக்கத்து எண்ணை நான்கு நான்கு எழுத்தாகப் படித்தாள். இவன் தன் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டே வந்தான். அறுபத்துநான்கு எழுத்து. ஒவ்வொரு நான்குக்கும் நடுவே கால் நொடிக் கடல். மாப்பிள்ளை மூச்சை நிறுத்தியிருந்தார்.

கடைசி நான்கும் பொருந்தின.

"சார்" என்றாள் அவள். "திறந்து பார்க்கிறேன். இருங்க... துடிக்குது சார். நல்லா தெரியுது. இவ்வளவு சின்னதா இருக்கு, என்ன வேகமா துடிக்குது!"

மணி ஒன்றரைகூடத் தாண்டவில்லை.

பதில் நான்கு மணிக்கு வந்தது. இங்குள்ள டாக்டரே படியிறங்கி வந்து சொன்னார். பேனா மூடியைத் திருகவில்லை. செய்யலாம் என்கிறார்கள். அந்தக் கடைசிக் கோணத்தில் வழி தெளிவாகத் தெரிகிறதாம். அந்தக் குழுவிலிருந்து ஒருவர் மூன்று நாளில் இங்கே வருகிறார், கூடவே நின்று செய்வதற்கு. "உறுதின்னு சொல்லிட முடியாது. ஆனா நல்ல வாய்ப்பு" என்றார்.

மாப்பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். போர்வை இயந்திரங்களைக் கேட்பவர் போல வெகுநேரம் அப்படியே நின்றார்.

சற்று நேரத்தில் தங்கை லிஃப்டில் இறங்கி வந்தாள், வெறுங்காலோடு. அண்ணன் வேலை செய்யும் அறையை இதுவரை அவள் பார்த்ததில்லை.

"என் செருப்ப யாரு தூக்கிட்டு வந்தது?" என்றவள் சுற்றிப் பார்த்தாள். "இதுதானா உன் அலுவலகம்? பெரிய இடம்னு பீத்திக்கிட்டியே. வாளி எதுக்கு?"

"அது துணைக்கருவி."

"இவரு போன்ல எல்லாம் சொன்னாரு. ஆன் ஆஃப் கதையும் சொன்னாரு." அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தாள். "சரி விடு. காட்டு, எப்படிப் போச்சுன்னு."

உறையின் பின்பக்கக் கணக்கை எடுத்தான். ஒரு கைப்பிடி அறுபத்துநான்கு கிலோபைட் என்றால், ஆறு கிகாபைட்டுக்குச் சுமார் தொண்ணூற்று நாலாயிரம் கைப்பிடி. ஒவ்வொன்றுக்கும் நாற்பதாயிரம் கிலோமீட்டர். பெருக்கினான். முந்நூற்று எழுபத்தாறு கோடி.

"அது எவ்வளவு தூரம்?"

"சூரியனுக்குப் போயிட்டுத் திரும்பி வரணும்." அவன் உறையை அவள் பக்கம் திருப்பினான். "பன்னிரண்டு தடவை."

அவள் இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். "கேளு" என்றாள். "அந்தப் பக்கத்த ஒரு தடவ கேளு."

'இருக்கிறாயா?' என்று தட்டினான். கால் நொடி. 'இருக்கிறேன்.'

"இன்னொரு தடவ."

கால் நொடி. 'இருக்கிறேன்.'

மூவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேசைப் போன் அடித்தது. ஏதோ வார்டிலிருந்து நர்ஸ், எரிச்சலோடு.

"ரீஸ்டார்ட், இந்தக் கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா இருக்கு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணவா?"

"ஐயோ, வேண்டாம் சிஸ்டர்! எதையும் தொடாதீங்க" என்று பதறி எழுந்தான். "நீங்க எங்க இருக்கீங்க?"

"மூணாவது மாடி. தெரியாதா உங்களுக்கு?"

அவன் மஞ்சள் கேபிள் சுவருக்குள் நுழையும் ஓட்டையைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான்.

"அவ்வளவு தூரமா!" என்றான் மரியாதையோடு. "இருங்க, நானே நடந்து வர்றேன்."